பிறப்பும் பகடையும்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி, ஒரு கதையை வாய்ப்பேச்சாலேயே நடத்திச் செல்லும் ஆட்டம் ஒன்று உண்டு. காகிதமும் பென்சிலும் பகடையுமே அதற்குக் கருவிகள். மேடை இல்லை, திரை இல்லை, அரிதாரம் இல்லை. 'நான் இந்தக் கதவை உடைக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், கதவு உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்; உடைந்த கதவுக்கு அப்பால் இருப்பது யாது என்பதை ஆட்டத்தை நடத்துகிறவர் சொல்லுவார். நம் கூத்திலே கட்டியங்காரன் செய்யும் வேலையை ஒருவாறு இவர் செய்கிறார் எனலாம். இதனை இக்கட்டுரையில் கதையாட்டம் என்று வழங்குவோம்.

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்ற, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974-ஆம் ஆண்டில் முதற்பதிப்பாக ஆயிரம் பிரதிகள் வெளிவந்தன. அன்று தொடங்கியது இன்று உலகமெங்கும் ஆடப்படுகிறது. ஜொகூர் மாநிலத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் கூடும் நம் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

இலக்கியப் பகுதியில் ஓர் ஆட்டத்தைப்பற்றி எழுதுவானேன் என்று வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் இவ்வாட்டத்தில் முதற்காரியம் ஒரு பாத்திரத்தைப் படைப்பது. நாவலாசிரியன் ஒருவன் தன் கதாநாயகனுக்குக் குலமும் குணமும் தொழிலும் வகுப்பதுபோல, இங்கே ஒவ்வொருவரும் தம் பாத்திரத்துக்கு அவற்றை வகுத்துக்கொள்ள வேண்டும். எவ்வாறு வகுப்பது என்பதைப் புத்தகத்தின் விதிகள் கட்டளையிடுகின்றன. ஆகவே மனிதன் எதனால் ஆக்கப்படுகிறான் என்பதைக் குறித்து அந்த விதிகளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தே தீரும். ஒரு நாவலின் அபிப்பிராயத்தை நாம் விமர்சிப்போமானால், பல்லாயிரம் பேர் தம் சொந்தக் கையால் பாத்திரம் படைக்க ஆதாரமாய்க் கொள்ளும் ஒரு புத்தகத்தின் அபிப்பிராயத்தை விமர்சியாமல் விடுவது தகுமா? ஆங்கிலத்தில் படிக்க வாய்ப்புப் பெற்ற நம்மைப் போன்றோர்க்கு, அதனைப் படித்து, கண்டதைத் தமிழில் சொல்லும் கடமையும் உண்டென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

பழைய புத்தகங்களின் போக்கு

பாத்திரத்துக்கு ஆறு தன்மைகள் உண்டு: வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். ஆதியில் ஒவ்வொன்றுக்கும் ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டி, கூட்டிவந்த எண்ணை எழுதுவார்கள். மிகக் குறைவு 3. மிக அதிகம் 18. மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. அவற்றுள் 18 தருவது ஒன்றே ஒன்று. இதுவரையில் குறை சொல்ல இடமில்லை. பகடைக்கு ராஜா வீட்டுப் பிள்ளையும் தெரியாது, கூலி வீட்டுப் பிள்ளையும் தெரியாது.

பகடை உருண்டு நின்றபின் புத்தகம் பேசத் தொடங்குகிறது. சங்கடமும் அங்கேயே தொடங்குகிறது. பாத்திரம் மனிதனாக இருக்கலாம். குள்ளர், வனதேவர், சிறுமனிதர் முதலிய கற்பனை இனங்களில் ஒன்றாகவும் இருக்கலாம். 1974-இல் வந்த முதற் புத்தகத்தின்படி குள்ளர் இனத்தான் போர்வீரனாக மட்டுமே வாழலாம். எத்தனை வீரம் காட்டினும் ஆறாம் படிக்கு மேல் ஏறலாகாது. சிறுமனிதனுக்கு நாலாம் படியே எல்லை. மனிதனுக்கோ அவ்வித எல்லை இல்லை. 1978-இல் வந்த பெரிய புத்தகம் இதனோடு நில்லாமல் பெண்பாலுக்கும் தனிவரம்பு கட்டியது. சிறுமனிதர் இனத்து ஆணின் வலிமை 17 வரை போகலாம். பெண்ணுக்கு 14 போதும் என்று அட்டவணை எழுதியது. மற்ற இனத்துப் பெண்களுக்கும் இவ்வாறே ஆணுக்குக் கீழே கோடு கிழிக்கப்பட்டது. 1981-இல் வந்த எளிய பதிப்பிலோ குள்ளன் என்பதே ஒரு தொழிலாயிற்று. மனிதன் போர்வீரனாகலாம், மந்திரவாதியாகலாம், திருடனாகலாம். குள்ளனாய்ப் பிறந்தவனுக்குக் குள்ளனாயிருப்பதே உத்தியோகம்!

இன்ன வயிற்றிற் பிறந்தவனுக்கு இன்ன தொழில், இன்ன தொழிலுக்கு இத்தனை படி என்ற ஏற்பாட்டை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? அதை அறியக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது தகரப்பெட்டியோடு சேர்த்து அதையும் சுமந்தே வந்தார்கள். கைகாக்ஸ் முதலியோர் நம் சாதிக் கணக்கைப் படித்து இதை எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. வேறு உலகத்தைக் கற்பனை செய்ய உட்கார்ந்தவர்களுக்கும் பிறப்பால் மனிதனை அளக்கும் பழக்கம் விட்டபாடில்லை என்பதையே சொல்லுகிறோம்.

நிற்க. புத்தகங்கள் திருந்தவே இல்லை என்று சொல்வது பொய்யாகும். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பெண்களுக்கான வலிமை வரம்பு நீங்கிற்று. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா இனத்தார்க்கும் எல்லாத் தொழிலையும் திறந்துவிட்டு, படி எல்லைகளையும் ஒழித்தது. ஆயினும் அதே பதிப்பில் அரை-ஓர்க் என்னும் கலப்பினத்தானுக்கு வலிமையில் இரண்டு கூட்டி, அறிவில் இரண்டும் வசீகரத்தில் இரண்டும் கழித்தார்கள். உழைக்க உடம்பு உண்டு, சிந்திக்க மூளை இல்லை என்பது அதன் பொருள். 2020-இல் வந்த துணைப்புத்தகம் ஒன்று, இனத்தால் வரும் கூட்டலை ஆடுகிறவர் விரும்பிய தன்மைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. 2024-இல் வந்த புதிய புத்தகம் இனம் என்ற சொல்லையே விலக்கி, உயிர்வகை என்று மாற்றிற்று. உயிர்வகையால் எந்தத் தன்மையும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்றும் விதித்தது. ஐம்பது ஆண்டுகளில் இத்தனை தூரம் வந்ததைப் பாராட்டுகிறோம்.

புதிய புத்தகத்தின் குறை

ஆனால் பிறப்பினின்றும் எடுத்த அந்தக் கூட்டலை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? அதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

புதிய புத்தகத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கதை தொடங்குமுன் ஒரு வாழ்க்கை, அதாவது முன்தொழில், உண்டு. உழவர், எழுத்தர், பிரபு, காவலர், மாலுமி, வணிகர் என இவ்வாறு பதினாறு. ஒவ்வொரு முன்தொழிலுக்கும் மூன்று தன்மைகள் குறித்திருக்கின்றன. அந்த மூன்றுக்குள்ளேயே ஒன்றுக்கு இரண்டும் மற்றொன்றுக்கு ஒன்றுமாகவோ, மூன்றுக்கும் ஒவ்வொன்றாகவோ கூட்டிக்கொள்ளலாம். பிரபுவுக்கு வலிமை, அறிவு, வசீகரம். எழுத்தருக்கு லாவகம், அறிவு, விவேகம். உழவருக்கு வலிமை, உடலுறுதி, விவேகம். உழவருக்கு அறிவு கூட வழியில்லை. அஃதன்றி ஒவ்வொருவருக்கும் ஒரு சிறப்புத் திறமையும் உண்டு. பிரபுவுக்கும் எழுத்தருக்கும் கிடைப்பது, விரும்பிய வித்தை மூன்றை மேலும் கற்றிருக்கும் பேறு. உழவருக்குக் கிடைப்பது அதிக அடி தாங்கும் உடம்பு!

இதை எழுதினவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நாம் நினைக்கவில்லை. பிறப்பு மனிதன் கையில் இல்லை. தொழிலோ அவன் தேர்ந்தெடுப்பது. ஆகவே தொழிலில் வைத்தால் நியாயமாகும் என்று எண்ணினார்கள் போலும். தொழிலைத் தேர்ந்தெடுக்கக்கூடிய தேசத்தில் உட்கார்ந்து எழுதினவர்களுக்கு அவ்வாறு தோன்றுவது இயற்கை. ஆனால் நம்மிடையே தலைமுறை தலைமுறையாகப் பிறப்பென்பதே தொழிலின் மறுபெயராக இருந்து வந்திருக்கிறது. சாதியில் அப்படி, தோட்டத்திலும் பெரும்பாலும் அப்படியே. பால்வெட்டுக்காரர் மகன் பால்வெட்டுக்காரர். லயத்தில் பிறந்தவர் லயத்தில் இருந்தார். நமக்கு அவ்விரண்டும் ஒரே வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் ஆகும். முன்வாசல் வழியே வெளியேற்றிய விருந்தாளி பின்வாசல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான்.

நம் மேசையில் நேர்ந்தது

இதை நாம் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தோம் என்று பெருமை கொள்வதற்கில்லை. ஒரு பெண்பிள்ளை நமக்குக் காட்டிக்கொடுத்தாள்.

நாம் குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருக்கிறோம். விடியற்காலைப் பெரட்டில் பேர் போடுவதும், குலைக்கணக்கு எழுதுவதும், சம்பளப் புத்தகம் பார்ப்பதும் நம் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் ஐந்து பேரை உட்காரவைத்துக் கதையாட்டம் நடத்திவந்தோம். அவர்களுள் ஒருத்தி பதினைந்து வயதினள். செம்பனைக் குலை வெட்டுகிறவரின் மகள். அவள் தன் பாத்திரத்தை உழவர் வீட்டிலிருந்து புறப்பட்டு மந்திரவித்தை கற்றவளாக அமைத்தாள். மந்திரவாதிக்கு அறிவே ஆயுதம். ஆதலால் தன்னிடமிருந்த எண்களுள் உயர்ந்ததான 15-ஐ அறிவுக்கு எழுதி, அதனோடு இரண்டு கூட்டி 17 என்று போட்டாள்.

நாம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, 'உழவருக்கு அறிவில் கூட்டல் கிடையாது, அம்மா; 15 என்றே எழுது. வேண்டுமானால் முன்தொழிலை எழுத்தர் என்று மாற்றிக்கொள். அப்போது 17 ஆகும்' என்றோம்.

'எழுத்தர் என்றால் யார், ஐயா?'

'நம்மைப்போல் ஆபீசில் எழுதுகிறவர்.'

அவள் காகிதத்தைப் பார்த்தபடியே, 'அப்படியானால் என் அப்பாவுக்கு அறிவு கூடாதா, ஐயா?' என்று கேட்டாள்.

'விதி அப்படி இருக்கிறது' என்றோம். அவள் 17-ஐ அழித்து 15 என்று எழுதினாள், அன்று முழுவதும் ஆடினாள், மறுஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அந்த இரு ஞாயிறுகளிலும் நாம் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறோம். அவள் தகப்பனார் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் உதிரிப் பழத்தைப் பார்த்து, அண்ணாந்து குலையை ஒரு நோட்டம் நோக்கி, வெட்டலாமா இன்னும் சில நாள் விடலாமா என்று தீர்மானிக்கிறவர். காயை வெட்டினால் எண்ணெய் குறையும். பழுத்து அளவு மிஞ்சினால் எண்ணெயின் தரம் கெடும். அவர் வெட்டிய குலைகளுக்குக் கணக்கு எழுதும் நாம், ஒரு குலையைப் பார்த்து அவ்வாறு சொல்ல இன்றுவரை கற்றோமில்லை. அவளுடைய பாட்டியார் ரப்பர் மரம் வெட்டினவர். மரப்பட்டையில் பால் ஊறும் பகுதிக்கு உள்ளே, மரம் வளர்வதற்கு ஆதாரமான மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கத்தி பட்டையோடு நின்றால் பால். அப்படலத்தைத் தொட்டால் மரத்துக்குக் காயம். இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர். அதை அரையிருட்டில், மரத்துக்கு மரம் பட்டையின் தடிப்பு வேறுபட, நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே காலையில் தவறாமல் செய்தவர்களை நாம் அறிவோம். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி துரை, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார் என்று புத்தகங்கள் புகழ்கின்றன. புகழ்ச்சி தகும். ஆனால் முறையை வகுத்தது அறிவென்றால், அம்முறையை நாள்தோறும் ஒவ்வொரு மரத்துக்கும் ஏற்ப நடத்தியது எது? வெறும் உடலுறுதியா?

புத்தகம் அதை உடலுறுதி என்றே எழுதும். நம் ஆபீசுக் கணக்கும் இத்தனை கிலோ, இத்தனை குலை என்றே எழுதி வந்திருக்கிறது. ஆகையால் அன்று அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்ன பதில் அமெரிக்கப் புத்தகத்தின் பதில் மட்டுமன்று. ஒரு கிராணியின் பதிலும் அதுதான்.

கர்ணனுக்குக் கிடைத்த கிரீடம்

இவ்விஷயத்தில் நம் மக்கள் எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அஸ்தினாபுரத்து அரங்கத்தில் அர்ச்சுனனுக்கு எதிராகக் கர்ணன் வில்லோடு வந்து நின்றபோது, அவன் வித்தையை யாரும் சந்தேகிக்கவில்லை. கிருபர் எழுந்து, 'உன் குலம் யாது? உன் தந்தை யார்?' என்று கேட்டார். கர்ணன் தலைகுனிந்தான். உடனே துரியோதனன் அவனை அங்கதேசத்துக்கு அரசனாக்கி முடிசூட்டினான். 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் கண்கலங்குவது வழக்கம்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு யோசித்தால், துரியோதனன் செய்தது என்ன? கிருபருடைய விதியை அவன் மறுக்கவில்லை. 'அரசனோடு அரசனே பொர வேண்டும்' என்பதை ஒப்புக்கொண்டு, தன் நண்பனுடைய காகிதத்தில் தேரோட்டி மகன் என்பதை அழித்துவிட்டு அரசன் என்று எழுதினான். கர்ணன் ஒருவன் உள்ளே போனான்; வாசல் மறுபடியும் சாத்தப்பட்டது. அடுத்த தேரோட்டி மகன் வந்தால் அவனுக்கும் ஒரு துரியோதனன் கிடைக்க வேண்டும்.

'எழுத்தர் என்று மாற்றிக்கொள்' என்று அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்ன யோசனையும் இதுவே. அவள் அதை ஏற்கவில்லை. தன் தகப்பனாரை அழித்துவிட்டு இரண்டு எண் சம்பாதிக்க அவளுக்கு மனமில்லை. கர்ணனைவிட அவளுக்கு ரோஷம் அதிகம் என்றே சொல்லுவோம்.

நாம் கூறும் விதிகள்

இவ்வாட்டத்தில் ஒரு நல்ல சம்பிரதாயம் உண்டு. ஒவ்வொரு மேசையும் புத்தகத்தின் விதியைத் தனக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். அத்திருத்தங்களுக்கு மேசை விதிகள் என்று பேர். ஆட்டம் தோன்றிய நாளிலிருந்தே இது நடைமுறையில் இருக்கிறது. நடத்துகிறவர் புதிய முன்தொழில்களை வகுத்துக்கொள்வதற்குப் புதிய நடத்துநர் புத்தகமே வழி காட்டுகிறது. ஆகவே கீழ்க்காணும் ஆறு விதிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: எண்கள் மேசைக்குப் பொது. ஐந்து ஆட்டக்காரரும் நடத்துகிறவருமாக ஆறு பேர். ஆளுக்கொரு முறை நான்கு பகடை உருட்டி, மிகக் குறைந்த ஒன்றைத் தள்ளி, மற்ற மூன்றையும் கூட்டுக. இவ்வாறு கிடைக்கும் ஆறு எண்களே எல்லோருக்கும். அவரவர் விரும்பிய தன்மைக்கு விரும்பிய எண்ணை வைத்துக்கொள்க. பகடையின் சுவையும் கெடாது. ஒருவனுக்குப் பதினெட்டும் பக்கத்திலிருப்பவனுக்கு ஆறும் விழுந்து, ஆறு மாதம் ஒருவன் வீரனாகவும் மற்றவன் மூட்டை தூக்குகிறவனாகவும் ஆடும் அவலமும் நேராது.

இரண்டாவது: பிறப்பு வேறுபடுத்தலாம், உயர்த்தவும் தாழ்த்தவும் கூடாது. குள்ளர் இருளில் பார்க்கட்டும், நஞ்சைத் தாங்கட்டும். அவை கதைக்கு அழகு. ஆனால் இன்ன பிறப்பினர் இத்தனைக்கு மேல் போகலாகாது என்ற எல்லை எந்தத் தன்மைக்கும், எந்தத் தொழிலுக்கும், எந்தப் பாலாருக்கும் இருத்தலாகாது.

மூன்றாவது: முன்தொழில் எதுவாயினும், அதனால் வரும் கூட்டலை ஆறு தன்மைகளுள் எதற்கும் சேர்க்கலாம். ஆனால் அத்தொழில் அத்தன்மையை எவ்வாறு கற்பித்தது என்பதற்கு ஆடுகிறவர் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். உழவர் மகளுக்கு அறிவு கூடியது எதனால்? மழைக்கும் விதைக்கும் நாள் கணித்ததனாலா? கங்காணியின் கள்ளக்கணக்கை மனக்கணக்கால் பிடித்ததனாலா? பிரபுவின் மகனுக்கு உடலுறுதி எதனால் வந்தது? அதையும் சொல்லட்டும். நடத்துகிறவர் கேள்வி கேட்கலாம், சம்பவத்தைச் செப்பனிட உதவலாம், மறுக்கலாகாது. மறுக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டால் நாவன்மை உள்ளவனுக்கே கூட்டல் கிடைக்கும். நடத்துகிறவர் மறுபடியும் கிருபராகிவிடுவார்.

இவ்விதிக்கு ஒருவகை முன்னோடி உண்டு. மார்க் மில்லர் என்பார் இயற்றி 1977-இல் வந்த 'டிராவலர்' என்னும் கதையாட்டத்தில், பாத்திரம் நாலாண்டு நாலாண்டாகச் சேவை செய்து, அச்சேவையாலேயே வித்தைகளைப் பெறுகிறது. திறமை என்பது உழைத்த ஆண்டுகளின் பலன் என்று அது ஒப்புக்கொண்டது நன்று. ஆனால் எந்தச் சேவை எந்த வித்தையைத் தரும் என்பதை அதுவும் அட்டவணையிலேயே அடைத்தது. வேலை கற்பித்தது என்ன என்பதை அட்டவணை எழுதினவரைவிட, அவ்வேலையைச் செய்தவரும் அவர் வீட்டுப் பிள்ளையும் நன்கறிவார்கள் என்பது நம் கட்சி.

நான்காவது: எவரும் பிறவித் தீயர் அல்லர். 1977-இல் வந்த அரக்கர் அகராதி ஒவ்வொரு இனத்துக்கும் இது தீயது, இது நல்லது என்று முத்திரை குத்திற்று. நம் நாட்டு ராட்சதரும் அதில் தீயோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஓர் ஊரார் பகைவரானால் ஏன் பகைத்தார்கள் என்ற கதை வேண்டும். இனத்தின் பெயரே காரணமாகிவிட்டால் அங்கே கதைக்கு இடமில்லை, வெட்டுவதற்கே இடம்.

ஐந்தாவது: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஊரில் ஒருவர் இருக்க வேண்டும். தாய், அக்காள், கடன் கொடுத்த செட்டியார், வித்தை கற்பித்த கிழவி, யாராயினும் சரி. கதையாட்டத்தில் பெரும்பாலோர் தம் வீரனை அநாதையாகவே படைக்கிறார்கள். கேட்பாரற்றவன் எங்கும் போகலாமென்பது அவர்கள் எண்ணம். பிறந்த இடம் மனிதனுக்கு எல்லையாக இருக்கலாகாது என்றோம். உறவாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

ஆறாவது: மூன்று அமர்வுகள் ஆனபின் விரும்பினோர் தம் பாத்திரத்தை மாற்றி எழுதலாம். இந்த விதிகளையும் ஆண்டுக்கொருமுறை மேசையில் வைத்து வாசிக்க வேண்டும். மேசையில் இளையவர் முதலில் பேச, மூத்தவர் கடைசியில் பேசுக.

ஆட்சேபங்கள்

இவற்றுக்கு எழக்கூடிய ஆட்சேபங்களை அறியோமல்லோம்.

'பேதமெல்லாம் போய்விட்டால் எல்லாப் பாத்திரமும் ஒன்றுபோல் ஆகிவிடாதா?' என்பார்கள். ஆகாது. பேதத்தை நாம் எடுக்கவில்லை, ஏற்றத்தாழ்வையே எடுத்தோம். உழவர் வீட்டு மந்திரவாதி எழுத்தர் வீட்டு மந்திரவாதியைப்போல் பேசமாட்டாள், பயப்படமாட்டாள், கோபப்படமாட்டாள். முன்பு அவ்விருவருக்கும் இருந்த வேறுபாடு 15, 17 என்ற எண்தான். மூன்றாம் விதியின்படி இப்போது இரண்டு கதைகள் இருக்கின்றன. எது வேறுபாடு அதிகமுள்ளது என்று ஆடிப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

'உழவர்க்குப் படிப்பு இல்லாதிருந்தது சரித்திர உண்மைதானே? புத்தகம் உண்மையைத்தானே எழுதிற்று?' என்பது இரண்டாவது. மறுக்கப்பட்டதையும் இல்லாததையும் ஒன்றாகக் குழப்புவதால் வரும் ஆட்சேபம் இது. பள்ளிக்கூடம் இல்லாதிருந்தது உண்மை. அறிவு இல்லாதிருந்தது பொய். எழுத்தறியாதவர்கள் விடிய விடியப் பாரதக்கூத்தை மனப்பாடமாக நடத்திய சமூகத்தில் பிறந்தவர்கள் இதைச் சொல்லலாகாது. அன்றியும், பறவைநாகம் நெருப்பைக் கக்கும் உலகத்தில் எல்லா அதிசயத்தையும் ஒப்புக்கொள்ளுகிறவர், உழவர் மகள் அறிவாளியாயிருப்பதை மட்டும் நம்ப முடியாதென்றால், குறை சரித்திரத்தில் இல்லை.

'15-க்கும் 17-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?' என்பது மூன்றாவது. கணக்காகவே பதில் சொல்லுவோம். 15-க்கு உரிய கூட்டல் 2; 17-க்கு உரியது 3. ஆட்டத்தில் காரியம் பலித்ததா என்பதைத் தீர்மானிப்பது இருபதுமுகப் பகடை. ஆகவே ஒன்று குறைவதென்பது இருபது முயற்சிகளில் ஒன்று வீணாவதற்குச் சமம். சிறிதுதான். ஆனால் இருபது நாள் வேலை செய்தவருக்குப் பத்தொன்பது நாள் பேர் போட்டால், 'சிறிதுதானே' என்று எந்தத் தோட்டத்திலாவது சொல்லிவிட முடியுமா? பேர் போடுகிற நாம் சொல்லுகிறோம், முடியாது.

'விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா?' என்பது கடைசி ஆட்சேபம். பெரியவர்களுக்கு அது விளையாட்டு. தன் வாழ்க்கையில் இன்னும் எதுவும் தீராத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, தான் யாராகலாம் என்று எண்ணிப் பார்க்கக் கிடைத்த இடம் அது. அந்த இடத்திலும் ஒரு கிராணி உட்கார்ந்துகொண்டு, 'உன் வீட்டாருக்கு இது கிடையாது' என்று சொன்னால், அவள் வேறெங்கே போவாள்?

முடிவுரை

விதிகளைத் திருத்துவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பிறர் எழுதிய உலகத்தில் வாடகைக்குக் குடியிருப்பதைவிட நாமே எழுதுவது மேல். வழியும் திறந்திருக்கிறது. வங்காளத்தில் தலித் குடும்பத்தில் பிறந்த மிமி மண்டல் என்னும் எழுத்தாளர், 2022-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியீட்டாரே பதிப்பித்த கதைத்தொகுப்பில், வங்காளத்து நிலத்தையும் நீரையும் தழுவிய கற்பனை நாடொன்றைப் படைத்துக் கதையொன்று தந்திருக்கிறார். நம் மலேசியாவிலேயே ஸெடெக் சியூ எழுத, முன்காவ் சித்திரம் தீட்ட, 'ஆயிரமாயிரம் தீவுகள்' என்று பொருள்படும் பெயரில், தென்கிழக்காசியாவின் ஆறுகளையும் காடுகளையும் தீவுகளையும் அடியொற்றிய புத்தகங்கள் ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன. லயமும் பெரட்டுக்களமும் பால்காடும் கொண்ட ஓர் உலகம் தமிழில் ஏன் எழுதப்படலாகாது? அதற்கு வேண்டிய அறிவு யாரிடம் இருக்கிறது என்பதை மேலே சொன்னோம்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மூன்றாம் ஞாயிறு நாம் அவள் வீட்டுக்குப் போய், சொன்னது தவறென்று அவள் தகப்பனார் முன்னிலையிலேயே சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, 'பிள்ளை விளையாட்டுக்கு இதெல்லாம் எதுக்கு, கிராணியாரே' என்றார். அவள் சிரிக்கவில்லை. 'அப்படியானால் எப்படி எழுதலாம், ஐயா?' என்று கேட்டாள். 'நீயே சொல்' என்றோம். மேலே மூன்றாவதாக எழுதியிருக்கும் விதி அன்று அவள் சொன்னது. சொற்கள் மாத்திரமே நம்முடையவை. இப்போது அவள் காகிதத்தில் உழவர் என்றும் 17 என்றும் இரண்டும் இருக்கின்றன. அதற்கு அவள் சொன்ன சம்பவம், உதிரிப் பழம் எண்ணக் கற்றுக்கொண்ட ஒரு காலையைப் பற்றியது.

விதி என்ற சொல் நம் மொழியில் சட்டத்தையும் குறிக்கும், தலையெழுத்தையும் குறிக்கும். தலையெழுத்து என்று நாம் அஞ்சி வந்தவற்றுட் பல, யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய சட்டங்களே. அவற்றை ஒரு மேசையிலாவது திருத்தி எழுதிப் பார்ப்போம். இவ்விதிகளைத் தங்கள் ஊரில் ஆடிப் பார்க்கும் அன்பர்கள், எந்த விதி நின்றது, எது இடறிற்று என்பதை இப்பகுதிக்கு எழுதுவார்களானால், அடுத்த ஆண்டு எங்கள் மேசையில் அதையும் வாசிப்போம்.